மாங்கொட்டைத் தாடி

விடியற்காலை ஐந்தே கால். மம்சாபுரத்துக்கு மேற்கே மலை இன்னும் கறுப்பாகப் படுத்துக் கிடக்கிறது. தோப்பு வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தேன். "கழட்டாதீங்கக்கா, கீழ முசுறு போகுது" என்று இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல். டார்ச் அடித்துப் பார்த்தால் மரத்திலிருந்து மரத்துக்குச் சிவப்பாக ஒரு எறும்பு வரிசை. குரலுக்குச் சொந்தக்காரப் பையன் அடுப்புச் சாம்பலைக் கையிலும் காலிலும் அப்பிக்கொண்டு ஒரு கிளையில் உட்கார்ந்திருக்கிறான். சாமி வேசம் கட்டியவன் மாதிரி இருக்கிறான். அவனுக்கு வேலை தொடங்கி அரை மணி நேரம் ஆகிவிட்டது.

நான் ஏன் இங்கே வந்தேன் என்பதை நடந்துகொண்டே சொல்லிவிடுகிறேன். போன மாதம் வீட்டில் ஒரு பட்டர் ஃப்ரூட் வெட்டினேன். வெளியே பளபளப்பு, கையில் அமுக்கினால் பதமான கனிவு. உள்ளே கரண்டி விட்டதும் தும்பு தும்பாக நார் வந்தது. கெட்ட பழம் என்றார் ஒருவர். மருந்து போட்டிருப்பார்கள் என்றார் இன்னொருவர். மம்சாபுரத்தில் மாந்தோப்பு குத்தகைக்கு எடுக்கும் என் பெரியம்மா மகனுக்குப் போன் போட்டேன். அண்ணன் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. "நாரைப் பத்தித் தெரியணும்னா அந்தப் பழத்துக்கிட்ட கேக்காத தாயி. எங்க கொட்டகைக்கு வா. இங்க நாருக்குத் தாடியே வளத்து வச்சிருக்கோம்."

தாடியா? அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே போகிற எல்லாரும் இந்தத் தோப்புகளை ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். சாலையோரத்தில் கூடை வைத்து விற்கும் சப்பட்டையையும் பஞ்சவர்ணத்தையும் பேரம் பேசி வாங்கியும் இருப்பீர்கள். கூடைக்குப் பின்னால் இருக்கிற உலகத்துக்குள் நுழையக் கிடைத்த சந்தோசத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வாருங்கள், சத்தம் போடாமல் என் பின்னாலேயே.

முதலில் தொரட்டியைப் பாருங்கள். ரெண்டு ஆள் உயர மூங்கில் கம்பு, நுனியில் கொக்கி, கொக்கிக்குக் கீழே வலைப்பை. கொக்கியைக் காம்பில் மாட்டி ஒரு சின்னச் சுண்டு சுண்டினால் காய் பைக்குள் 'தொப்'பென்று உட்கார்ந்துகொள்கிறது. கீழே விழுந்த காய்க்கு இங்கே மரியாதை கிடையாது. அது ஊறுகாய்க்குப் போகிற கும்பல். காம்பை ஒரு விரல் நீளம் விட்டுத்தான் பறிக்கிறார்கள். ஒட்ட ஒடித்தால் பால் பீச்சி அடிக்கும். தோலில் பட்ட இடம் கறுத்துப்போகும். மரத்திலிருந்து இறங்கிய பையனின் முன்கையைக் காட்டச் சொன்னேன். சாம்பலுக்கு அடியில் புள்ளிப் புள்ளியாகத் தழும்பு. "இது போன வருசம், இது முந்தா நேத்து" என்று பதக்கம் காட்டுவதைப் போலக் காட்டினான். கீழே பெண்கள் காயைத் தலைகீழாகச் சாய்த்து அடுக்கிப் பாலை வடிய விடுகிறார்கள். ஒரு அத்தை தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாங்காயும் புதுப்பொண்ணும் ஒண்ணு. பொறந்த வீட்டை விட்டு வந்ததும் கொஞ்ச நேரம் அழுவ விடணும்" என்றார். தோப்பே சிரித்தது.

இது ஆனி மாசக் கடைசி. நீலம்தான் இப்போது மரத்தில் இருக்கிறது. மற்றவை ஏறக்குறைய முடிந்துவிட்டன. நீலம் வட நாட்டிலும் சொந்தக்காரர்கள் உள்ள மரம். தசேரியோடு இதைச் சேர்த்து உண்டாக்கியவைதான் மல்லிகாவும் ஆம்ரபாலியும். அதை நான் சொன்னதும் அண்ணன் ஒரு நீலம் மரத்தைத் தட்டிக்கொடுத்தார். சம்பந்தி வீட்டுச் செய்தி கேட்ட முகம்.

வரிசை வரிசையான ஒட்டு மரங்களைத் தாண்டி ஓடைக்கரைக்குப் போனால் வரிசையே இல்லை. அங்கே மூன்று கிழட்டு மரங்கள் தம் இஷ்டத்துக்கு நிற்கின்றன. யாரும் நட்டவை அல்ல. யாரோ தின்று எறிந்த கொட்டை முளைத்தது. மூன்றுக்கும் பேர் உண்டு: புளிச்சான், குண்டுச்சட்டி, தும்பு மரம். மூன்றாவது மரம்தான் நான் தேடி வந்த ஆள். அண்ணன் ஒரு பழத்தை எடுத்து ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து உருட்டினார், பிசைந்தார், மூக்கைக் கடித்துத் துப்பிவிட்டு என்னிடம் நீட்டினார். "வெட்டக்கூடாது. சப்பு."

சப்பினேன். முதலில் ஒரு புளிப்பு நாக்கைச் சுண்டியது. அதன் பின்னால் வந்த இனிப்பில் கண் தானாக மூடிக்கொண்டது. சாறு முழங்கை வரைக்கும் ஓடியது. கடைசியில் கையில் மிஞ்சியது கொட்டை. கொட்டை முழுக்க மஞ்சள் மயிர். இத்தனை நார் இருந்தும் வாய்க்குள் ஒன்றுகூட வரவில்லை. வெட்டித் தின்றிருந்தால் பல்லிடுக்கு நிறைந்திருக்கும்.

"இலையில நரம்பு ஓடுதுல்ல? நம்ம கையில ஓடுதுல்ல? பழத்துக்கும் ஓடணும்ல. அதான் நாரு." இப்படிச் சொன்னவர் தோப்புக் காவல் தாத்தா. பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருப்பதை ஒரு பீடி பற்றவைக்கிற நேரத்தில் சொல்லிவிட்டார். காம்பு வழியாக வருகிற தண்ணீரையும் சத்தையும் பழத்தின் மூலைமுடுக்குக்கெல்லாம் கொண்டு போகிற குழாய்கள்தான் நார். எல்லாப் பழத்திலும் இந்தக் குழாய் உண்டு. பங்கனப்பள்ளியிலும் இமாம்பசந்திலும் அது மெல்லியதாக, நாக்குக்குத் தெரியாமல் கிடக்கிறது. தும்பு மரத்தில் தடித்து, மரக்கட்டையை மரக்கட்டையாக்குகிற லிக்னின் ஏறி, கயிறாகிவிடுகிறது. காயாக இருக்கும்போது சதையும் கெட்டி, நாரும் கெட்டி, வித்தியாசம் தெரியாது. பழுக்கப் பழுக்கச் சதையைப் பிடித்து வைத்திருக்கும் பசை கரைந்து சதை இளகுகிறது. நார் இளகுவதில்லை. சுற்றி இருப்பதெல்லாம் வெண்ணெயாகும்போதுதான் அது தன்னைக் காட்டிக்கொள்கிறது.

இதைக் கேட்டதும் என் வீட்டுப் பட்டர் ஃப்ரூட் ஞாபகத்துக்கு வந்தது. கொஞ்சம் பொறுங்கள், அதுவும் கொட்டகையில் காத்திருக்கிறது.

கொட்டகை! தகரக் கூரை, ஒன்பது மணிக்கே அடுப்பாகக் காய்கிறது. ஒரு ஓரத்தில் வைக்கோல் போர், இன்னொரு ஓரத்தில் நீல நிற கிரேட்டுகள் கூரை உயரத்துக்கு. தரையெல்லாம் பழைய பேப்பர். எந்த வருசத்துத் தேர்தல் முடிவோ ஒரு மாங்காய்க்குப் படுக்கையாகிக் கிடக்கிறது. ஒரு நாய், ரெண்டு தராசு, ஒரு பழைய சாமி படம், எஃப்.எம். ரேடியோ. ரேடியோவில் பாட்டு வந்தால் கை வேகம் கூடுகிறது, விளம்பரம் வந்தால் குறைகிறது. வாசனையை எப்படிச் சொல்ல? பழம், பால், வைக்கோல், வேர்வை நாலும் கலந்த ஒரு கனம். உள்ளே நுழைந்ததும் அது தோளில் கை போட்டுக்கொள்கிறது.

தரம் பிரிக்கும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். காயைப் பார்ப்பதுகூட இல்லை. கையில் வாங்கிய வேகத்தில் இடது, வலது, பின்னால் என்று போய்விடுகிறது. காம்புக்குப் பக்கத்துத் தோள் உப்பிச் சதை ஏறியிருந்தால் விளைந்த காய். தோள் சரிந்திருந்தால் பிஞ்சு. "பிஞ்சை வைக்கோல்ல போட்டா பழுக்காதா மதினி?" என்று கேட்டேன். "பழுக்காது, வெம்பும்" என்றார். வெம்பல்! எத்தனை பொருத்தமான சொல். நிறம் மாறும், தோல் சுருங்கும், இனிப்பு வராது. இந்த வெம்பலைத்தான் கார்பைடு கல் வைத்து மஞ்சளாக்கிச் சிலர் விற்கிறார்கள். கார்பைடு சட்டப்படி தடை செய்யப்பட்டது. இங்கே வைக்கோலும் பொறுமையும்தான். போரைக் கையால் விலக்கிக் காட்டினார்கள். உள்ளே வெதுவெதுப்பு. பழமே விடும் எத்திலீன் வாயு பக்கத்துப் பழத்தையும் எழுப்பிவிடுகிறது. ஒருத்தி விழித்தால் வீடே விழிக்கிற மாதிரி.

இனி தாடி. கொட்டகையின் பின்சுவரில் ஒரு பலகை. அதன் மேல் வரிசையாகக் காய்ந்த மாங்கொட்டைகள், பதினைந்து இருபது இருக்கும். நார் அதிகமுள்ள பழத்தின் கொட்டையைச் சப்பிக் கழுவி வெயிலில் காய வைத்து, பழைய சீப்பால் வாரிவிட்டு, கரிக்கட்டையால் கண்ணும் மூக்கும் போட்டிருக்கிறார்கள். ஒன்றுக்கு நடு வகிடு. ஒன்றுக்குத் தொங்கு தாடி. ஒன்றுக்கு ரெட்டைச் சடை, நுனியில் சிவப்பு நூல். ஒவ்வொரு சீசனுக்கும் புது வரிசையாம். கொட்டகையில் வேலை செய்கிற அம்மாக்களோடு லீவு நாளில் வருகிற பிள்ளைகள் செய்வது. "அது கணக்குப்பிள்ளை மாமா" என்று ஒரு வாண்டு முன்வழுக்கையான ஒரு கொட்டையைக் காட்டியது. கணக்குப்பிள்ளை தலை நிமிராமல், "எனக்குக் கொஞ்சம் முடி கூட வச்சிருக்கலாம்" என்றார்.

இந்தப் பலகையை விடவும் நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. எல்லாத் தாடியும் ஓட்டிலிருந்தே கிளம்புகிறது. மாம்பழத்து நார் கொட்டையின் ஓட்டில் வேர் பிடித்துச் சதைக்குள் நீளுகிறது. கொட்டையின் விளிம்பில்தான் அடர்த்தி. அதனால்தான் கன்னத்தை அறுத்துத் தின்கிறவர்களுக்கு நார் குறைவாகவும், கொட்டையோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு அதிகமாகவும் கிடைக்கிறது. கன்னம் யாருக்கு, கொட்டை யாருக்கு என்று சின்ன வயதில் சண்டை போட்ட எல்லாருக்கும் இது தெரிந்த சங்கதிதான். காரணம்தான் இப்போது தெரிந்தது.

டீ வந்தது. கூடவே ஒரு சின்ன லாரியும். தாண்டிக்குடிப் பக்கம் காலி கிரேட்டு கொண்டு போன வண்டி, திரும்பும்போது நாலு பெட்டி பட்டர் ஃப்ரூட் ஏற்றி வந்திருக்கிறது. பழனி மலையின் கீழ்ச்சரிவில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, தடியன்குடிசை வட்டாரத்துக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் மரங்களில் இதுவும் ஒன்று. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து நம் பக்கம் வந்து சேர்ந்தது. இலங்கைத் தமிழர்கள் இதற்கு வைத்திருக்கும் பேர் ஆனைக்கொய்யா. பேரைக் கேட்டதும் கொட்டகையே குஷியாகிவிட்டது. "ஆனை இங்க வந்து மாங்காயத்தான திங்குது, இது பேர்ல வேற ஆனையா!" என்றார் அத்தை.

அண்ணன் நாலு பழம் பொறுக்கி, நாலு வெவ்வேறு பெட்டியிலிருந்து எடுத்து, கனிந்ததாகப் பார்த்து வெட்டினார். எல்லாரும் தலையை உள்ளே நீட்டினோம். முதல் மூன்றும் வழுவழு. நாலாவதில், அதோ, என் வீட்டு நார்! காம்பில் தொடங்கி, கொட்டையைச் சுற்றிக்கொண்டு, அடிவரைக்கும் ஓடும் பழுப்பு நூல்கள். மாங்கொட்டை மாதிரி ஓட்டில் வேர் பிடித்த தாடி அல்ல; சதைக்குள்ளேயே ஓடுகிற நரம்பு. வேலை மட்டும் அதேதான், தண்ணீர் சுமப்பது. காவல் தாத்தா எட்டிப் பார்த்துவிட்டு, "நான் சொன்னேன்ல" என்று திரும்பிப் போனார்.

அப்புறம் நடந்தது ஒரு சின்ன விசாரணை. லாரி ஓட்டி வந்த தம்பி மலைக்காரர். கேள்வி கேட்கக் கேட்கப் பதில் வந்தது. இந்தப் பெட்டி எந்த மரம்? புது மரம், இப்பத்தான் ரெண்டாவது காய்ப்பு. இளம் மரத்துக் காயில் நார் தெரிவது உண்டு. மரம் வயசேற ஏறக் குறையும். எப்போது பறித்தது? "சீசன் தொடங்குறதுக்குள்ள நல்ல விலைக்குப் போகும்னு முன்னாடியே பறிச்சிட்டாங்கக்கா." பட்டர் ஃப்ரூட் மரத்தில் பழுக்காது, பறித்த பிறகுதான் கனியும். அதனால் விளைந்ததையும் விளையாததையும் கண்ணால் பிரிப்பது கஷ்டம். விளையாமல் பறித்தால் கொழுப்பு ஏறியிராது. சதை தண்ணீராகவும் நார் தனியாகவும் நிற்கும். அதுவும் வெம்பலுக்குத் தம்பிதான். காயாக இருக்கும்போதே நெடுநாள் கடுங்குளிரில் வைத்தாலும் இந்த நரம்புகள் கறுத்துத் தடித்துப்போகும். போன மாதம் நான் வாங்கினது சீசனுக்கு முந்தின காய். அதற்கு மருந்தும் போடவில்லை, அது கெடவும் இல்லை. அவசரப்பட்டுப் பறிக்கப்பட்ட பிள்ளை, அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு காரணம் இருக்கிறது. அதைக் காட்ட அண்ணன் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனார். நாற்றுப் பைகள் நடுவே ஒட்டுக் கட்டும் பெரியவர். பெரியகுளத்தில் தொழில் பழகினவராம். மழை ஈரம் வந்தால்தான் நிஜ வேலை. எனக்காக ஒன்று கட்டிக் காட்டினார். கொட்டை போட்டு முளைத்த கன்றின் தலையைச் சீவி, நடுவில் பிளந்து, நல்ல மரத்துக் குச்சியை ஆப்பு மாதிரி செதுக்கிச் செருகி, பாலிதீன் நாடாவால் சுற்றினார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவர் கை நடுங்கவில்லை. கட்டி முடித்த பிறகு டீ கிளாஸை எடுக்கும்போதுதான் நடுங்கியது. "கொட்டை தாயும் தகப்பனும் கலந்த பிள்ளை. எப்படி வரும்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். ஒட்டு அப்படி இல்ல, அதே மரம் இன்னொரு வீட்டுல குடியிருக்கும்."

நம் மாமர வகைகளில் பெரும்பாலானவற்றின் கொட்டை அப்படிக் கலந்த பிள்ளைதான். இனிப்பான பழத்தின் கொட்டையை ஆசையாக நட்டால் ஈ எங்கிருந்து மகரந்தம் கொண்டு வந்ததோ அதற்கேற்ற பிள்ளை முளைக்கும். நார் மரமாகவும் வரலாம். கேரளக் கரையோரத்து ஒளூர், சந்திரக்காரன் போன்ற சில வகைகள் விதிவிலக்கு. ஒரே கொட்டையில் பல முளை விட்டு, தாயை அச்சாக உரித்து வைக்கும். பட்டர் ஃப்ரூட்டும் கொட்டைக்குக் கொட்டை மாறுகிற இனம். நம் மலையில் நிற்பவற்றில் நிறைய மரங்கள் கொட்டையில் வந்தவை. அதனால்தான் ஒரே கூடையில் வெண்ணெயும் தும்பும் சேர்ந்து வருகின்றன. தடியன்குடிசையில் இருக்கிற தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் நல்ல மரத்தைத் தேர்ந்தெடுத்து டி.கே.டி. 1 என்று வெளியிட்டது இதற்காகத்தான்.

அங்கே நான் ஒரு கதை சொன்னேன். வெற்றிலை மெல்லும் வாய்கள் நின்று கேட்டன. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் ருடால்ஃப் ஹாஸ் என்று ஒரு தபால்காரர். தோட்டத்தில் பட்டர் ஃப்ரூட் கொட்டை போட்டு வளர்த்த ஒரு கன்றில் ஒட்டுக் கட்டிப் பார்த்தார், பிடிக்கவில்லை. வெட்டிவிட நினைத்தார், பிறகு விட்டுவிட்டார். அது காய்த்ததும் வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பழத்தைத்தான் கேட்டார்களாம். 1935-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்று உலகச் சந்தையில் பெரும்பங்கு அந்த ஒரே மரத்தின் ஒட்டு வம்சம். தாய் மரம் 2002-இல்தான் பட்டுப்போனது. ஒட்டுக் கட்டும் பெரியவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "ஒட்டுப் பிடிக்காததும் நல்லதுக்குத்தான்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை நான் மறக்க மாட்டேன்.

மத்தியானச் சாப்பாடு பழைய சோறு. தூக்குவாளியைத் திறந்ததும் தும்பு மரத்துப் பழத்தை எடுத்துச் சோற்றிலேயே பிழிந்தார் அத்தை. விரலிடுக்கில் நார் நின்றுவிட்டது, சாறு சோற்றுக்குப் போனது. கை ஒரு சல்லடை! ஒரு உப்புக்கல், ஒரு மிளகாய் வத்தல். பங்கனப்பள்ளியை இப்படிப் பிழிய முடியாது. அது துண்டு துண்டாகவே நிற்கும். ஆந்திராவில் ரசாலு என்று ஒரு பழத்தைப் பிசைந்து சப்புவதற்கென்றே வைத்திருக்கிறார்கள். சாறு நிறைந்த பழத்துக்கு நார் ஒரு கூடாரக் கம்பம். முழுப்பழத்தைப் போட்டு வைக்கும் மாம்பழ மோர்க்குழம்புக்கும் நாட்டுப் பழம்தான். கொதித்தாலும் கரைந்து ஓடாது. இரண்டாவது தட்டும் சாப்பிட்டேன்.

சாயங்காலம் லோடு ஏறுகிறது. "ஏலே, மெதுவா... மெதுவா!" கிரேட்டுகள் கைமாறிக் கைமாறிப் போகின்றன. முதுகெல்லாம் உப்புப் பூத்திருக்கிறது. மலை இப்போது நீலம். அந்தப் பக்கம் முழுக்க ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம், 2021-இல் அறிவிக்கப்பட்டது. சாம்பல் நிற மலை அணிலுக்குப் பேர் போன காடு. அணிலுக்கும் ஆனைக்கும் ஒட்டு, நாட்டு வித்தியாசம் தெரியுமா என்று காவல் தாத்தாவைக் கேட்டேன். "ஆனைக்கு எல்லாம் ஒண்ணுதான் தாயி. நாரு பல்லுல மாட்டாத ஒரே ஆளு அதுதான்." ராத்திரிக்கு அவர் டார்ச்சும் தகர டின்னுமாகப் பரண் ஏறிவிடுவார்.

கிளம்பும்போது அண்ணன் ஓடைக்கரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நார்ப் பழம் கூடை என்றால் வியாபாரி கையைக்கூட நீட்டுவதில்லை. அந்த இடத்தில் மூன்று ஒட்டு வைத்தால் காசாகும் என்று குத்தகைக்கு விட்டவர் ரெண்டு வருசமாகச் சொல்கிறாராம். "வெட்ட மனசு வரல." எனக்கும் கேட்க மனசு வரவில்லை. அந்த ருசி வேறு எந்த மரத்திலும் இல்லை. கொட்டையில் வந்த மரத்தை வெட்டிவிட்டால், ஒட்டுக் கட்டி யாரும் காப்பாற்றாதவரை, அந்த ருசி பூமியிலேயே கிடையாது. ஒட்டுக் கட்டும் பெரியவரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்: மழை வந்ததும் தும்பு மரத்திலிருந்து நாலு குச்சி. நாலில் ஒரு கன்று எனக்கு.

ஆனி மாசம் ராஜபாளையம் ரோட்டில் போகிறவர்கள் கூடைக்காரம்மாவிடம் நாட்டுப் பழம் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் கூடைக்குப் பின்னால், சாக்குக்கு அடியில் வைத்திருப்பார். ரெண்டு கிலோ வாங்குங்கள். கத்தியைத் தேடாதீர்கள், உருட்டி, பிசைந்து, மூக்கைக் கடித்துத் துப்பிவிட்டுச் சப்புங்கள்.